ஹராரேயின் பாட்டிமார்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆப்பிரிக்கா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? ஒட்டிய வயிறும் ஏந்திய கையுமாக நிற்கும் ஒரு குழந்தையின் படம். செய்தித்தாள்கள் நமக்கு நெடுங்காலமாகக் காட்டி வந்தது அதைத்தான். அம்மக்கள் தம் கைகளால் தாமே செய்துகொண்ட காரியங்களை நாம் அறிந்தது மிகக் குறைவு. ஆதலால், பொதுச் சுகாதாரம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, ஜிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய ஹராரேயில் வாழும் மூதாட்டியர் சிலரைப் பற்றியே பேசுவதென்று துணிந்தேன்.

2005ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நகரங்களிலிருந்த குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளிற்று. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. முன்னரே வறுமையாலும் எய்ட்ஸ் நோயாலும் வாடிய மக்கள் அவர்கள். உள்ளம் உடைந்தோர் எத்தனை பேர்! மனநோய் மருத்துவர்களோ நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

அவர்களுள் ஒருவர் டிக்ஸன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு மீண்டும் வரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்பதே பின்னர் அவள் தாய் கூறிய காரணம். மருத்துவர் இருந்தார், வழிச்செலவுக்குக் காசு இல்லை. வறுமை வேறு, நோய் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இந்த ஒரு சாவை எண்ணிப் பார்க்கட்டும்.

ஏழைகள் வாழும் ம்பாரே என்னும் பகுதியில் 2006இல் அவர் ஒரு பணியைத் தொடங்கினார். செவிலியர் கிடைக்கவில்லை. சிகிச்சை நிலையத்தில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் பதினான்கு பாட்டிமார். கிடைத்த இடம், கட்டடத்திற்கு வெளியே போட்ட ஒரு மரப் பெஞ்சு!

அன்பர்களே, அப்பாட்டிமார் சொன்னதைச் செய்யும் ஏவலராக இருக்கவில்லை. மருத்துவர் அதற்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயரிட்டார். அப்பெயர் இருந்தால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார் என்று பாட்டிமார் சொல்லிவிட்டனர். அது 'நட்புப் பெஞ்சு' ஆயிற்று. மருத்துவ நூற்சொற்களும் விலகின. தங்கள் ஷோனா மொழியில் மக்கள் வழங்கும் 'குஃபுங்கிசிஸா' என்ற சொல்லே நின்றது. 'அளவின்றி எண்ணுதல்' என்பது அதன் பொருள். "யோசித்து யோசித்தே உடம்பு போயிற்று" என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதில்லையா?

நிலையத்திற்கு வருவோரிடம் பதினான்கு கேள்விகள் கேட்பார்கள். துயர் மிகுந்தவர் பெஞ்சுக்கு அனுப்பப்படுவார். கணவன் அடிக்கிறான், வாடகை பாக்கி, வேலை இல்லை என்று அவர் அடுக்குவதையெல்லாம் பாட்டி பொறுமையாகக் கேட்பார். பிறகு, "இவற்றுள் எதை முதலில் எடுத்துக்கொள்வோம்?" என்பார். ஒன்றே ஒன்று, அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு செயல். அடுத்த முறை வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். இப்படி ஆறு சந்திப்புகள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இது வெறும் ஆறுதல் வார்த்தைதானே என்று நானும் முதலில் ஐயுற்றேன். ஆனால் ஹராரேயின் 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆறு திங்களுக்குப் பின்னரும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தோர், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேர். பெஞ்சில் அமர்ந்தவர்களில் 14 பேரே. பின்னர் மலாவியிலும், ஸான்ஸிபாரிலும், செல்வம் கொழிக்கும் நியூயார்க்கிலும் இத்தகைய பெஞ்சுகள் போடப்பட்டன. ஆப்பிரிக்கா பெற்றுக்கொள்ள மட்டுமே பிறந்த கண்டம் என்பார்க்கு வேறு விடை வேண்டுமோ?

ஒரு குறை உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அறிஞர்களின் பெயர்கள் அச்சேறுகின்றன. பாட்டிமாரின் பெயர்கள் அச்சேறுவதில்லை. சிபாண்டாவே மேடைதோறும் பெருமையைப் பாட்டிமார்க்கு உரித்தாக்குகிறார் என்பது உண்மை. ஆயினும், பெயரில்லாத பாராட்டு அரைப் பாராட்டே என்பது என் கருத்து.

பெஞ்சிலிருந்து எழுந்தவர்களும் தனித்துப் போய்விடுவதில்லை. 'கைகோத்து நிற்போம்' என்ற பொருளுடைய பெயரில் குழுக்களாகக் கூடுகிறார்கள். கழித்துப் போட்ட பிளாஸ்டிக்கை இழைகளாக வெட்டிப் பைகள் பின்னுகிறார்கள். பின்னிக்கொண்டே அவரவர் வீட்டுக் கதையைப் பேசுகிறார்கள். பைகளை விற்ற காசு அவர்கள் வீட்டுச் செலவுக்கு ஆகிறது.