ஒரு வயிற்றுப் பிள்ளைகள்



செட்டிப்பெண் மருத்துவத் திருவிழாவைக் கண்டு மகிழ நீங்கள் மலையேறி வந்திருக்கிறீர்கள். காவிரி வெள்ளத்தால் பெற்ற தாய் வந்து சேர இயலாதபோது, இரத்தினாவதிக்கு இறைவனே தாயாகி வந்து பேறு பார்த்த வரலாறு நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதன்று. இன்றும் சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் இச்சந்நிதியிலே வாழைத்தார் நேர்ந்துகொள்கின்றனர். அப்பொழுது அவர்கள் கேட்பது, தாயும் பிள்ளையும் நலமாயிருத்தல் ஒன்றே. அதே தாய் பத்தாண்டு கழித்து அடிவாரத்து மாணிக்க விநாயகர்முன் நின்று, "மூத்தவன் வகுப்பிலே முதலாவதாக வருகிறான், இளையவனுக்கு மட்டும் ஏனப்பா அந்தப் புத்தியைக் கொடுக்கவில்லை?" என்று முறையிடுகிறாள். இளையவனும் பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவன்பொருட்டே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

இம்மலையுச்சியிலிருந்து வடக்கே நோக்கினால் காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். அத்தீவிலேயே கிழக்கே இருப்பது திருவானைக்கா. அங்கே நாவல் மரத்தடியில் எழுந்தருளிய பெருமானுக்கு யானை நீரும் பூவும் கொணர்ந்தது. சிலந்தி, சருகு விழாதபடி வலைப்பந்தர் இழைத்தது. யானைக்கு நூற்கத் தெரியாது. சிலந்திக்கு நீர் முகக்க இயலாது. இரண்டையும் ஏற்றருளிய இறைவன் எது பெரிது என்று கேட்டானில்லை. கேட்டவை அவைகளே! வலையை அழுக்கென்று யானை சிதைத்தது, சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. கயிலையிலே சிவகணங்களாக இருந்த காலத்திலேயே, யார் தொண்டு உயர்ந்ததென்று பூசலிட்டவர்கள் இவ்விருவரும் என்று தலபுராணம் கூறும். சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து, யானை ஏற இயலாத மாடக்கோயில்களாகக் கட்டியது. அரசாண்ட பிறவியிலும் அந்தப் பகை ஆறவில்லை, பாருங்கள்!

இனி, இம்மலைக்கே உரிய ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். திருமறைக்காட்டுக் கேடிலியப்ப பிள்ளைக்குச் சிவசிதம்பரம் என்று ஓர் ஆண்மகவு பிறந்தது. மகப்பேறற்ற தம் தமையனார் வேதாரணியம் பிள்ளைக்கு அப்பிள்ளையைத் தத்தாகக் கொடுத்துவிட்டார். பின்னர், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் திருச்சிராப்பள்ளியிலே அலுவல் பார்த்து வருங்கால், மலைமேல் வீற்றிருக்கும் தாயுமான ஈசரை வேண்டி இரண்டாம் மகனைப் பெற்றார். அவருக்கு ஆண்டவன் பெயரையே இட்டார். அவரே நம் தாயுமான அடிகள்.

தம்பி வடமொழியும் தென்மொழியும் ஓதித் தந்தைக்குப்பின் அவர் அலுவலையும் ஏற்றார். இம்மலையருகே மௌனகுருவைக் கண்டு அடிமையானார். அவர் பாடல்களை ஓதாத சைவர் இல்லம் உண்டோ? தமையனார் பெயரால் நாம் ஓதும் பாட்டு ஒன்றேனும் இல்லை. இக்காலத்தார் என்ன சொல்லியிருப்பார்கள்? "தம்பியைப் பார், நீயும் இருக்கிறாயே!" என்றுதானே!

அந்தத் தமையனாரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிறந்த வீட்டிலிருந்து கொடுக்கப்பட்ட பிள்ளை அவர். தாம் போன பிறகு, தவமிருந்து பெறப்பட்டவர் தம்பி. பொறாமைக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஆயினும் அரசர் காலமானபின் திருச்சிராப்பள்ளியை விட்டு அகன்ற தம்பியை அழைத்து, மட்டுவார்குழலி என்னும் நங்கையை மணம்முடித்து வைத்தவர் அத்தமையனாரே. கனகசபாபதி பிறந்தான். அம்மையார் சிறிது காலத்தில் இறைவனடி சேர்ந்தார்.

தாயின் உடன்பிறந்தாள் மகன் அருளையப் பிள்ளையும் அக்குடும்பத்தவரே. அடிகளுக்கு மாணவராகி, அவர் அருளிய பாடல்களை ஏட்டிலே எழுதிக் காத்தவர் அவர் என்பர். அடிகளுக்குப் பாட வந்தது; அவருக்கு எழுத வந்தது. அதுவும் ஒரு வரமன்றோ?

அடிகள் தம் சிறு மகனைத் தமையனாரிடம் ஒப்புவித்த பின்னரே துறவு பூண்டார் என்று சரித்திரம் எழுதியோர் கூறுவர். தாயற்ற பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல அப்படி ஓர் இல்லம் இருந்தது. தத்துக் கொடுக்கப்பட்டுப் போன பிள்ளை, தம்பி பெற்ற பிள்ளையை வாங்கிக்கொண்டார். தம்பி இராமநாதபுரத்தை நோக்கி நடந்தார்.