உளுத்த கட்டைக்குள் ஒரு புளிப்புப் பிரியன்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மைதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது பொம்மையைப் பற்றி அல்ல. ஊரைத் தாண்டினால் செம்மண்ணில் முந்திரித் தோப்புகள் இருக்கின்றன அல்லவா, அங்கே உளுத்துக் கிடக்கும் கட்டையைப் பற்றி.

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய காலத்தில், மழை விட்ட கையோடு மாணவர்களைத் தோப்புக்கு அழைத்துப் போவேன். வெண்பூஞ்சை படர்ந்த கட்டையைப் பிளந்து, உள்ளிருக்கும் ஈரச் சக்கையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புளிப்பைக் காட்டும் பி.எச். தாளை நனைப்போம். தாள் ஆரஞ்சு நிறமாகும். "யாரு சார் இதுல ஆசிட் ஊத்தினது?" என்றான் ஒரு பையன்.

ஊற்றியது பூஞ்சைதான். மரத்தை மட்கவைக்கும் பூஞ்சைகள் பல ஆக்சாலிக் அமிலத்தைக் கசியவிடும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினை அவை உடைக்கும்போது மெத்தனாலும் பிரிந்து வரும். ஆமாம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் காவு கொண்ட அதே மெத்தனால். நம் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அதற்கு மேல் வேகமாக மாற்ற முடியாமல் அமிலம் தேங்கிப்போகிறது. கண் போகிறது, உயிர் போகிறது. மெத்தனால் தின்னும் பாக்டீரியாக்களும் இதே வழியில்தான் போகின்றன. ஆனால் அவை தேங்கவிடுவதில்லை. கரியமில வாயு வரை கொண்டுபோய், கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கின்றன. எனக்கு அலுக்காத கதை இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு பாக்டீரியாவின் பெயர் மெத்திலோவிர்குலா லிக்னி. பூஞ்சை தின்றுகொண்டிருந்த பீச் (beech) மரக்கட்டைகளிலிருந்து பிரித்தெடுத்து, 2009இல் ரஷ்ய, நெதர்லாந்து ஆய்வாளர்கள் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அசையாத சின்னக் குச்சி வடிவம். பி.எச். 4.5 முதல் 5 வரை, ஏறக்குறைய நம் தயிரின் புளிப்பு, அதற்குப் பிடித்தமானது. புளிப்பு குறைந்து 6.5ஐத் தாண்டினால் வளராது. மரத்தில் நைட்ரஜன் மிகவும் குறைவு. அதனால் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் திறமையும் வைத்திருக்கிறது.



நம் சித்திரை வெயிலை லிக்னி தாங்காது. 30 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு எல்லை. ஆனால் அதன் பங்காளி ஒருவர் நம் நாட்டுக்காரர்: பெய்ஜெரிங்கியா இண்டிகா. 1939இல் ஸ்டார்க்கி, டே என்ற இரு அறிஞர்கள் இந்தியாவின் புளிப்பான நெல்வயல் மண்ணிலிருந்து எடுத்தார்கள். அவரும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பவர். அவரைப் பற்றியே தனியாக ஓர் உரை வேண்டும், நேரம் விடவில்லை.

பூஞ்சை புளிக்கவைக்கும், மெத்தனாலை விடும், பாக்டீரியா அதைத் தின்னும், அவ்வளவுதான். வெயில் தாங்கும் பங்காளி ஒன்றை நம் முந்திரிக் கட்டையிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது பிரித்தெடுப்பார்கள் என்று நம்புகிறேன். முயல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வளர்ப்புத் தட்டை உறையவைக்கும் அகாரையும் அமிலத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காய்ச்சாதீர்கள், உறையாது. தனித்தனியே காய்ச்சிப் பிறகு கலந்துகொள்ளுங்கள். தட்டில் உடனே ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.