ஒரு நாள் விழா மாதந்தோறும் கூடட்டும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேறுகாலம் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணலாம். கருவுற்ற தாய் தன் உடலைப் பற்றி அறிவதும் கல்வியேயாகும்.

அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பை நாம் அறிவோம். சாதி, மத வேறுபாடின்றிப் பெண்கள் ஒரே வரிசையில் அமர்ந்து வளையல் அணிகின்றனர். சேரிப் பெண்ணைத் திண்ணையில் ஏற்றாத ஊர்களைக் கண்ட நமக்கு இது சிறு செய்தியன்று. ஆயினும் அது ஒரு நாள் விழா. மறுநாள் மருத்துவமனையில் அவள் தனியே நிற்கிறாள். கேட்க வந்ததைக் கேட்கக் கூசித் திரும்புகிறாள்.

அமெரிக்காவில் ஷேரன் ரைசிங் என்னும் பேறுகாலச் செவிலியர் 1993இல் ஒரு முறையை வகுத்தார். ஏறத்தாழ ஒரே காலத்தில் பேறு காணவிருக்கும் 8 முதல் 12 பெண்கள் வட்டமாக அமர்வர். தம் எடையைத் தாமே பார்த்துக் குறித்துக்கொள்வர். பரிசோதனை தனித்தனியே, உரையாடல் பொதுவாக.

இதன் பயன் யாது? கருவுற்றவளுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது கண்டு அஞ்சி, அதை எறிந்துவிடும் பெண்கள் உண்டு. அது கேடன்று என்று, உண்டு நலமாயிருக்கும் அண்டை வீட்டுப் பெண் சொன்னால் அச்சம் நீங்கும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டுமென்றது. ஆதலின் வானூர் வட்டாரச் சிற்றூர்களில் மாதம் ஒரு நாள் கூடுவோம்; கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைப்போம். ஊரும் சேரியும் ஒரே பாயில் அமரட்டும்.