பெல்ட் மாட்டினால்தான் இன்ஜின்



காரில் எந்தப் பாதுகாப்புக் கருவியை அரசு கட்டாயமாக்கலாம், எதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடலாம் என்பது நம் கருத்தரங்கின் பொருள். உரிமை, பாதுகாப்பு என்று பொதுப்படையாகப் பேசினால் பொழுது போய்விடும். ஆகவே நடந்த கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் 1974 மாடல் கார்களில் ‘இன்டர்லாக்’ என்ற பூட்டு வந்தது. முன்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் மாட்டாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அரசு முதலில் கேட்டது ஏர்பேக் போலத் தானே இயங்கிக் காக்கும் ஏற்பாட்டைத்தான். 1971 ஏப்ரலில் ஃபோர்டு கார் நிறுவனத் தலைவர்களான இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் லீ அயகோக்காவும் அதிபர் நிக்சனை நேரில் கண்டு முறையிட்டார்கள். அந்த உரையாடல் வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. ஏர்பேக் தள்ளிப்போயிற்று, பூட்டு முந்திக்கொண்டது.

அந்தப் பூட்டுக்குப் பிடிவாதம் அதிகம், விவரம் போதாது. முதலில் உட்கார வேண்டும், அப்புறம் பெல்ட், அப்புறம் சாவி. வரிசை மாறினால் வண்டி கிளம்பாது. பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால் அதற்கும் பெல்ட் கேட்டது. நாய் ஏறினாலும் கேட்டது. ஒயரைத் துண்டித்துவிட்டு ஓட்டியவர்கள் ஏராளம். (நம் நாட்டில் அந்தச் சிரமமும் இல்லை, பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்பை இணையக் கடைகளே விற்றுவந்தன. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு நீக்கச் சொன்னது.) 1974 அக்டோபரில், இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தையே அமெரிக்கக் காங்கிரஸ் பறித்துவிட்டது. எச்சரிக்கை ஒலியும் 8 விநாடிக்கு மேல் கட்டாயமில்லை என்றாயிற்று. அந்த 8 விநாடி வரம்பு நீங்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-லேயே பெல்ட் அணிவதைச் சட்டமாக்கிவிட்டது. அமெரிக்காவில் முதலில் முன்வந்த நியூயார்க்குக்கு 1984 ஆயிற்று.

இதைச் சுதந்திரம் வென்ற கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று அதே அமெரிக்காவில் முன்னிருக்கையில் இருப்போரில் பத்துக்கு ஒன்பது பேர் பெல்ட் அணிகிறார்கள். மளிகைப் பைக்கும் மனிதருக்கும் வேறுபாடு தெரியாத கருவியிடம் அனுமதி கேட்டு நிற்கத்தான் அன்று அவர்களுக்குக் கசந்தது. அரைகுறைக் கருவியை அவசரமாகத் திணித்ததற்குக் கொடுத்த விலை, பத்தாண்டுத் தாமதம்.

பெல்ட் மாட்டாதவர் பெரும்பாலும் தம் உயிரைத்தான் பணயம் வைக்கிறார். வேகமும் குடியும் அப்படியல்ல. சாலையோரம் நடந்து போகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. அங்கே சட்டம் கூடுதலாகக் கண்டிப்புக் காட்டலாம் என்பதே என் கட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் வேக வரம்பை உணர்த்தும் கருவி கட்டாயம். ஆக்சிலரேட்டரை அழுத்தி அதை மீறலாம், அணைத்தும் வைக்கலாம். அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது தானே விழித்துக்கொள்ளும். அதன் கேமரா வேக வரம்புப் பலகையைத் தவறாகப் படிக்கும் காலம்வரை கடைசி முடிவு ஓட்டுநரின் காலிடம் இருப்பதே நியாயம்.

குடித்தவரைக் கண்டறிந்து வண்டியைத் தடுக்கும் கருவிக்கு விதி வகுக்க 2021-ல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவரின் காரில் பூட்டுப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். எல்லோர் காரிலும் என்றால் யோசிக்க வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் குழந்தையோடு புறப்படும் தாயை அந்தக் கருவி தவறுதலாகத் தடுத்தால் யார் பொறுப்பு?

கருவி சேர்க்கும் தகவல் இன்னொரு சிக்கல். ஓட்டுநர்களின் பழக்கங்களைத் தரவு நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. உயிர் காக்க வைத்த கருவி காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றும் ஒற்றனாக மாறினால், மக்கள் மறுபடி ஒயரைத்தான் தேடுவார்கள்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பரிந்துரைக்கும் கருவி எத்தனை முறை தவறும், தவறும்போது ஓட்டுநர் என்ன செய்யலாம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.