பிள்ளைகளோடு இமயமலைக்கா? திரும்பி வரும் முடிவை வீட்டிலேயே எடுங்கள்

(பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலையேறத் திட்டமிடும் பெற்றோருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் பல பேர் ஏற்கெனவே ரயில் டிக்கெட் போட்டிருப்பீர்கள். சிலர் பிள்ளைகளுக்கு ஜெர்கின்கூட வாங்கியிருப்பீர்கள். அதனால் "போகலாமா, வேண்டாமா" என்று நான் பேசப்போவதில்லை. தாராளமாகப் போங்கள். பத்து வயதில் பனிமலையைப் பார்த்த பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க மறக்காது. எப்படிப் போவது, எந்த இடத்தில் நிற்பது, எப்போது திரும்புவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போயிருக்கோம், பசங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அங்கே மட்டும் என்ன ஆகிடும்?" இதை எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உயரக் கணக்கில் இருக்கிறது.

ஊட்டிக் கணக்கு அங்கே செல்லாது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். உயரத்தால் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதாவது நம் ஊர் மலை வாசஸ்தலங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கேயும் நாம் அரை மணி நேரம் நின்று, படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம். இரவு தங்குவதில்லை.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். உத்தராகண்டில் துங்கநாத் கோவில் சுமார் 3,680 மீட்டர். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா இடத்திலும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் பழகுவதற்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம் கொடுக்காவிட்டால் நோய் வருகிறது.

நன்றாக விளையாடுகிற, கராத்தே கற்கிற பிள்ளைக்கும் இது வரும். உடல் வலு இதற்குக் கவசம் ஆகாது. பெரியவர்களுக்கு வருகிற அளவுக்குப் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் பெரியவர் சொல்லிவிடுவார், பிள்ளை பெரும்பாலும் சொல்லாது. இதுதான் வித்தியாசம்.

பிள்ளை எப்படிச் சொல்லும்?

உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மலை நோய் தொடங்கலாம். தலைவலி, அதோடு பசியின்மை, வாந்தி, அசதி, தலைசுற்றல். நமக்கு வந்தால் "தலை வலிக்குது" என்போம். ஆறு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? "எனக்குச் சாப்பாடு வேணாம்." "வீட்டுக்குப் போகலாம்." "தூக்கிக்கோப்பா." அதற்கும் சிறிய குழந்தை என்றால் காரணமில்லாமல் அழும், விளையாடாது, தூங்காது.

இதையெல்லாம் நாம் என்னவென்று எடுத்துக்கொள்கிறோம்? "அடம் பிடிக்கிறான்", "பயணக் களைப்பு", "நேத்து சாப்பிட்ட பூரி சேரலை." இருக்கலாம். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலை நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தப்பாக நினைத்துவிட்டால் ஒரு நாள்தான் போகும். அசட்டையாக விட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இன்னும் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டும் அவசரம்.

ஒன்று, மூளையில் நீர் கோத்துக்கொள்வது. பிள்ளை தள்ளாடும், குழப்பமாகப் பேசும், எழுப்பினால் சரியாக எழாது. ஒரு சின்ன சோதனை: தரையில் நேர்கோடு போல நினைத்துக்கொண்டு, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே இதை ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். நேற்று நடந்த பிள்ளை இன்று தள்ளாடினால் உடனே இறங்க வேண்டும்.

இரண்டு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பாயும். சளி, காய்ச்சல் வந்து இன்னும் சரியாகாத பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே கிளம்பும் வாரத்தில் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிறவி இதயக் கோளாறு, ஆஸ்துமா, சிக்கிள் செல் நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டே போடாதீர்கள்.

மூன்றே விதிகள்

உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள்தான் இவை. ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வு.

2. அறிகுறி தெரிந்தால் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது.

3. அறிகுறி கூடினால் உடனே இறங்க வேண்டும். இரவானாலும், மழையானாலும், பாதுகாப்பாக இறங்க வழி இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளிவு தெரியும்.

இந்த விதிகளை ஒரு பயணத்தில் வைத்துப் பார்க்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் சோப்தா – துங்கநாத். ரிஷிகேஷ் ஏறக்குறைய 350 மீட்டர். அங்கிருந்து வண்டியில் ஊக்கிமட், சுமார் 1,300 மீட்டர். அங்கே ஓர் இரவு. அடுத்த நாள் சோப்தா, சுமார் 2,700 மீட்டர். அங்கே இரண்டு இரவு. முதல் நாள் புல்வெளியில் சும்மா நடங்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிளம்பி, கல் பாவிய பாதையில் மூன்றரை, நான்கு கிலோமீட்டர் ஏறி துங்கநாத் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் சோப்தா திரும்பிவிடுங்கள். பகலில் உயரம் ஏறுகிறீர்கள், இரவில் கீழே தூங்குகிறீர்கள். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எந்த வளைவிலும் திரும்பலாம். கீழே வண்டிச் சாலை இருக்கிறது.

கேதார்நாத் அப்படி இல்லை. கௌரிகுண்ட் 1,980 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறி, பலர் மேலேயே இரவு தங்குகிறார்கள். ஹெலிகாப்டரில் போனால் அந்த உயரம் சில நிமிடத்தில் வந்துவிடும், உடம்பு பழக நேரமே இல்லை. இன்னொன்று, பிள்ளையைக் 'கண்டி' என்னும் முதுகுக் கூடையில் உட்கார வைத்துச் சுமந்து போவார்கள். சுமப்பவருக்கு வியர்க்கும். கூடைக்குள் அசையாமல் இருக்கும் பிள்ளைக்குக் கை, கால் விறைத்துப்போகும். அரை மணிக்கு ஒரு தரம் இறக்கி, காலைத் தொட்டுப் பாருங்கள், நடக்க விடுங்கள். லேக்கு விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் அறையை ஒட்டியே இருங்கள். கர்துங் லா எல்லாம் அப்புறம்.

பேசத் தெரியாத வயதுக் குழந்தையை 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கவைக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. சில யாத்திரைகளில் வயது வரம்பே இருக்கிறது. அமர்நாத்துக்கு 13 வயது ஆகியிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 18. வயதை மாற்றிச் சொல்லிக் கூட்டிப்போக யாராவது 'ஏற்பாடு' செய்து தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கற்பூரம், ஆக்சிஜன் டப்பா, விரல் கருவி

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சுத் திணறல் போகும் என்று வாட்ஸ்அப்பில் வரும். மூக்குக்குச் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஏறாது. சிறு பிள்ளை அதை விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். கற்பூரத்தைப் பூஜைப் பையிலேயே வைத்திருங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அது தரும் தெம்பை நம்பி மேலே ஏறினால் ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். எடுத்துப் போங்கள். ஆனால் விரல் குளிர்ந்திருந்தால் அது தப்புத் தப்பாகக் காட்டும். அதில் எண் நன்றாக இருந்தாலும் பிள்ளை துவண்டு கிடந்தால் பிள்ளையை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

மலை நோய்க்கு முன்னெச்சரிக்கையாக அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. பிள்ளையின் எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோன மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடாது. கிளம்புவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பிள்ளையை மருத்துவரிடம் காட்டி, இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

வெயிலையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பனியில் பட்டுத் தெறிப்பது தனி. பிள்ளைக்கும் நல்ல குளிர் கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி வேண்டும்.

உங்கள் ஃபோன் என்ன செய்யும்?

கிளம்பும் முன் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

• போகும் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். பாதி வழியில் சிக்னல் இருக்காது.

• 'மௌசம்' செயலியில் வானிலை பாருங்கள். 'தாமினி' செயலி அருகில் மின்னல் வாய்ப்பிருந்தால் எச்சரிக்கும். 'சசேத்' செயலியில் பேரிடர் எச்சரிக்கைகள் வரும். சிக்னல் இருக்கும் இடத்தில் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

• சார்தாம் யாத்திரைக்கு உத்தராகண்ட் அரசின் இணையதளத்திலோ செயலியிலோ பதிவு கட்டாயம். கேதார்நாத்தும் அதில் அடக்கம். பிள்ளைகளுக்கும் பதிவு செய்யுங்கள்.

• ஆதார் டிஜிலாக்கரில் இருந்தாலும், காகித நகல் ஒன்று பையில் இருக்கட்டும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் பெயரும் ஃபோன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

• அவசரத்துக்கு 112. இந்தியா முழுக்க இதே எண்தான். ஆம்புலன்சுக்கு 108, தமிழ்நாட்டிலும் உண்டு, உத்தராகண்டிலும் உண்டு.

• குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஃபோனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஒத்திகை நம் ஊரிலேயே

இமயமலைதான் பிள்ளை ஏறும் முதல் மலை என்று இருக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம். காட்டை அறிந்த உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். ஊட்டி கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை போன்ற எளிய பாதைகளில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கான வயது நிபந்தனையைப் பதிவுக்கு முன் படித்துவிடுங்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுவார்கள், அதையும் பாருங்கள்.

இந்த நடை உயரத்துக்கு உடம்பைப் பழக்காது. ஆனால் புது ஷூ கடிக்கிறதா, பிள்ளை எத்தனை மணி நேரம் சிணுங்காமல் நடக்கிறது, மழையில் நனைந்தால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். "இங்கேயிருந்து திரும்பிடலாம்" என்று சொல்லிப் பழகவும் இது நல்ல இடம்.

கடைசியாக ஒன்று

மலையில் பெற்றோரைத் தள்ளுவது பிடிவாதம் மட்டும் அல்ல, கணக்கும்தான். இவ்வளவு பணம் கட்டியாச்சு, லீவு கிடைக்கிறதே கஷ்டம், இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே. இப்படிக் கணக்குப் போடும் மனதோடு 3,500 மீட்டரில் சரியான முடிவு எடுப்பது கடினம். அங்கே நமக்கும் ஆக்சிஜன் குறைவுதான்!

அதனால் முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது மூன்று விஷயம் பேசுங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று ஒரு நேரம் குறியுங்கள். பயணத்தில் ஒன்றிரண்டு நாள் உபரியாக வைத்து, ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். மூன்றாவதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: "கண்ணு, உனக்குத் தலை வலிச்சா, வயித்தைப் பிரட்டினா உடனே சொல்லு. நீ சொன்னா எல்லாரும் நிப்போம். யாரும் திட்ட மாட்டோம்."

சொன்னால் போதாது, அங்கே போய் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். ஒரு தடவை நீங்கள் முகம் சுளித்தால் அடுத்த தடவை பிள்ளை மறைத்துவிடும்.

துங்கநாத் எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். பிள்ளையும் ஒரு வயசு வளர்ந்து, இன்னும் நன்றாக நடக்கும்.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.