தலைசிறந்த ஆட்டக்காரர் யார்?



எங்கள் ஊராகிய விரிஞ்சிபுரம் பாலாற்றங்கரையில் உள்ளது. ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்பது எங்கள் பக்கத்து வழக்கு. மன்னார்குடியாரைக் கேட்டாலோ, மதிலழகு தம்முடையதே என்பர். இரு மதில்களையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட வழியில்லையாதலால், அவ்வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

அத்தகைய வழக்கொன்று அண்மையில் என் வீட்டுத் திண்ணையிலும் எழுந்தது. கூடைப்பந்தாட்டத்தில் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர் மைக்கேல் ஜோர்டனே என்றான் மூத்த பேரன். லெப்ரான் ஜேம்ஸே என்றான் இளையவன். முன்னவர் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 6 முறை வாகை சூடியவர். பின்னவர் கரீம் அப்துல் ஜப்பார் குவித்த 38,387 புள்ளிகளை 2023இல் கடந்தவர். வாதம் முற்றி, இரவு உணவுக்கும் இருவர் சேர்ந்து அமர்ந்தாரில்லை. முடிவில் என்னிடம் வந்தனர். இருவரும் எதிர்பாராத பெயர் ஒன்றைச் சொன்னேன்: பில் ரஸ்ஸல்.

ஏன் என்பதைக் கூறுகிறேன். 1961-62 ஆம் ஆண்டுப் பருவத்தில் வில்ட் சேம்பர்லின் என்னும் நெடியவர், ஆட்டத்துக்குச் சராசரி 50 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அச்செயலை இன்றுவரை அங்கு எவரும் எட்டியதில்லை. ஆயினும் அப்பருவத்தின் மிகச் சிறந்த வீரர் யார் என ஆட்டக்காரர்களே வாக்களித்தபோது, அவர்கள் தேர்ந்தது சேம்பர்லினை அன்று. அவரெடுத்ததில் பாதியளவும் புள்ளி எடுக்காத ரஸ்ஸலை! எதிரே நின்று ஆடியோர் அளித்த தீர்ப்பு அது, திண்ணையிலிருந்து அளித்ததன்று. 13 ஆண்டுகள் பாஸ்டன் அணியில் ஆடிய ரஸ்ஸல் 11 முறை வாகை சூடினார்.

எதிரி எறியும் பந்தைக் கூடையை அடையுமுன் தடுத்து, அதையே தம் தோழர் கையில் சேர்ப்பது அவருடைய தனித்திறன். அவ்வாறு தடுத்தவற்றை அங்குக் கணக்கில் எழுதத் தொடங்கியதோ 1973-74இல்தான். ரஸ்ஸல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எவ்வளவு தடுத்தார் என்பதற்கு ஏடே இல்லை. அளவுகோலில் இல்லாத கோட்டை எவ்வாறு படிப்பது?

நம் நாட்டுக்கு வருவோம். இவ்வாட்டத்தை நெய்ஸ்மித் 1891இல் வகுத்த அதே ஸ்பிரிங்ஃபீல்டுக் கல்லூரியில் பயின்ற ஹாரி பக், 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அச்சென்னை மண்ணில் வளர்ந்தவர் அனிதா பால்துரை. 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். தாயான பின்னரும் களத்துக்குத் திரும்பி, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியில் ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். என் பேரன்மார் இருவரும் அவர் பெயரை அறிந்திலர். ஜோர்டனின் புள்ளிகளைப் பிசகாமல் ஒப்பிக்கும் வாய்கள்!

அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை குறைவு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில் சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கோப்பை அளித்தோம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கணக்கேட்டைப் புரட்டினேன், மிகுந்த புள்ளி எடுத்தவனை அழைத்துக் கொடுத்தேன். அவ்வணியில் இன்னொரு மாணவன் இருந்தான். அவன் தந்தை ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளி. கூடையின் அடியில் நின்று, துள்ளி விழும் பந்தைப் பறித்துப் பிறருக்கு அளிப்பதே அவன் ஆட்டம். மறுநாள் முதல் அவன் களத்துக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினேன். நான்காம் நாள், பரிசு பெற்றவனே என் அறைக்கு வந்து கோப்பையை மேசைமேல் வைத்தான்.

“ஐயா, அவன் கொடுத்த பந்துகளைத்தானே நான் போட்டேன்?” என்றான்.

அன்று மாலை கணக்கேட்டில், புள்ளிகளுக்குரிய கட்டத்தின் அருகே ஒரு கோடிழுத்து, ‘பந்து கொடுத்தவர்’ என்று எழுதினேன். கோப்பையை எடுத்துக்கொண்டு அப்பையன் வீட்டுக்கும் சென்றேன். கோப்பையை வாங்கிக்கொண்டான், ஆட மட்டும் அவ்வாண்டு முழுதும் வரவில்லை.