நிறமும் இனமும்



மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே இடைவெளி விட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே அட்டப்பாடி. தெற்கே ஆனைமலையைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மறையூரும் சின்னாறும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இங்கே எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும் ஆடுமாடுகள் அக்கோட்டை அறியா. பொள்ளாச்சிச் சந்தையில் விலைபேசிய மாடு, வாணியங்குளம் சந்தையில் மறுபடியும் கைமாறுவது வழக்கம்.

அச்சந்தைகளில் மாட்டின் முதல் அடையாளம் அதன் நிறமே. மயிலை, செவலை, காரி என்று நிறமே பெயராகிவிடுகிறது. அப்பெயர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விலங்கின் உரோமத்துக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதில் இரு வகை உண்டு. ஒன்று கருமையும் பழுப்பும் தருவது. மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தருவது. இவ்விரண்டும் எந்த அளவில், உடலின் எப்பகுதியில், எப்பருவத்தில் தோன்றுகின்றன என்பதைப் பொறுத்தே எல்லா நிறங்களும் அமைகின்றன. தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்கள் இதனை வகுக்கின்றன. சில சமயம் உடலில் சுரக்கும் சுரப்புகளும் கை கொடுக்கின்றன.

இதற்குச் சிறந்த சான்று நம் காங்கேயம் மாடு. அதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்தச் செம்மை மறைந்து சாம்பல் நிறம் படரும். காளை வளர வளரத் திமிலும் கழுத்தும் முன்னங்காலும் பின்தொடையும் கருமை கொள்ளும். அதே காளைக்குக் காயடித்துவிட்டால் அக்கருமை வெளிறிப்போகும். ஆண் சுரப்பு நின்றதே காரணம். எனவே செங்கன்றைக் கண்டு வேற்றினம் என்று ஒதுக்குவோரும், வெளிறிய எருதைக் கண்டு வலிமை குன்றியது என்று எண்ணுவோரும் ஏமாறுவர். நிறத்தோடு வயதையும் பாலையும் சேர்த்துப் பார்ப்பவரே மாடு பார்க்கத் தெரிந்தவர்.

மனிதனின் விருப்பமும் நிறத்தைப் பெருக்குவதுண்டு. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கென நெடுங்காலமாக வளர்க்கப்படும் ஃபெரெட் என்னும் சிறு விலங்கு, கீரியைப் போல் நீண்ட உடல் உடையது. அதன் காட்டு முன்னோர் கரும்பழுப்பு நிறத்தினர். வளர்ப்பிலோ, நிறமி அற்ற, செங்கண் உடைய வெள்ளை வகையும் பெருகிற்று. புதரிடையே எளிதில் கண்ணிற்படும் என்பதால் வேட்டைக்காரர் அதனை விரும்பினர். காட்டில் உயிருக்கு ஊறு செய்யும் வெண்மை, மனிதன் கையில் பயனாயிற்று.

காட்டிலும் இதற்கு விலக்கு உண்டு. சின்னாற்றை அடுத்து, அமராவதி மலைப்பக்கத்தில் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வெளிறிய நிறமுடைய காட்டுமாடுகளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வேட்டையாளர் கண்டு எழுதினர். மக்கள் அவற்றை வெள்ளைக் காட்டெருமை என்பர். அவை எருமையும் அல்ல. பால் போன்ற வெண்மையும் உடையன அல்ல. சாம்பல் பூசினாற் போன்ற நிறம் என்பதே பொருந்தும். மற்றக் காட்டுமாடுகள் கருமையும் காப்பிப் பழுப்புமாய் நிற்க, இவை மட்டும் இம்மலைகளின் தனிச் செல்வமாய் விளங்குகின்றன. 1984-இல் சின்னாறு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு இப்பாலுள்ள காடும் காக்கப்பட்டால்தான் இச்செல்வம் நிலைக்கும்.

அட்டப்பாடிக்கு வருவோம். அங்குள்ள இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வளர்த்துவரும் அட்டப்பாடிக் கறுப்பு ஆடு, உடல் முழுவதும் கறுப்பு. கண் மட்டும் வெண்கல நிறம். மலைச்சரிவில் தழை கடித்து வளர்வது, பெருந்தீவனம் கேளாதது, இறைச்சிக்கு விலை பெறுவது. அக்குடும்பங்களுக்கு அவசரச் செலவு வரும்போது உதவும் கைமுதல் அதுவே.

சமவெளியிலிருந்து உருவில் பெரிய கிடாக்கள் வந்து கலந்ததால் இவ்வாட்டின் தூய்மை குன்றியது. கலப்பில் பிறந்த குட்டியும் கறுப்பாய் இருக்கக்கூடும். அதனை அட்டப்பாடி ஆடு என்று வாங்கி வளர்ப்பவர், மலைக்கேற்ற உறுதியை அதில் காணாது வருந்துவர். பெயர் நிற்கும்; பண்பு போய்விடும். இதனை உணர்ந்தே கேரளக் கால்நடைத் துறை அங்கே பண்ணை அமைத்து இவ்வினத்தைப் பேணுகிறது. பண்ணையின் முயற்சி மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் எந்தக் கிடா விடப்படுகிறது என்பதில்தான் இனத்தின் எதிர்காலம் இருக்கிறது.

ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் பலர், ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பி ஆடோ மாடோ வாங்கச் சொல்வதுண்டு. அவ்வாறு செய்யும்போது நிறத்தை மட்டும் கேட்காதீர்கள். இதன் தாய் எது, தந்தை எது, எந்த மந்தையில் பிறந்தது என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பலர் வாயிலிருந்து எழுந்தால், விற்பவரும் மரபைக் காக்கத் தொடங்குவர். நிறம் விலங்கின் முகவரி. அம்முகவரியில் குடியிருப்பவர் யார் என்று அறிந்துகொள்வது நம் கடமை.